மோனேயின் படகுகளும் தொல்காப்பியரின் முதற்பொருளும்

ஓவியத்தைப் பற்றி எழுத வந்தவன் முதலில் ஓவியத்தைக் காட்ட வேண்டும். ஆனால் நம் மலரில் வண்ணத்தாள் சில பக்கங்களுக்குத்தான். அவையும் வாழ்த்துரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் போய்விடும் என்பது அன்பர்கள் அறிந்ததே. நான் பேசப்போகும் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதைவிட அச்சிடாமல் விடுவதே மேல். ஆகவே சொல்லாலேயே காட்ட முயல்கிறேன்.

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே (1840–1926) 1872ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த ‘அர்ஜான்தெய் படகுப் போட்டி’ என்ற எண்ணெய் வண்ண ஓவியம் அது. அர்ஜான்தெய் பாரிசுக்கு வடமேற்கே, செய்ன் நதிக்கரையில் உள்ள ஊர். படத்தின் உயரம் 48 செ.மீ., அகலம் 75 செ.மீ.; விரித்த நாளிதழ் அளவுதான் இருக்கும். இப்போது பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. நான் பாரிசுக்குப் போனவன் அல்லன். திருப்பூணித்துறையில் என் மேசை மேல் இருக்கும் ஓர் அச்சுப்படியையும், கணினியில் பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய ஒரு படியையும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். இரண்டிலும் நீலம் வேறுவேறாக இருக்கிறது. அதனால் நிற நுணுக்கத்தில் தீர்ப்புச் சொல்லாமல், தூரிகை எங்கே எப்படிப் பட்டிருக்கிறது என்பதைப் பற்றியே அதிகம் பேசுவேன். அது அச்சுக்கு அச்சு அவ்வளவாக மாறுவதில்லை.

இடப்பக்கம் வெள்ளைப் பாய் விரித்த படகுகள். வலப்பக்கம் கரை; கரையில் மரங்களின் பச்சை, அதற்கிடையே சிவந்த நிறத்தில் வீடு. மேலே வானம், கீழே ஆறு. சொல்வதற்கு இவ்வளவுதான். கதை இல்லை, புராணம் இல்லை, முகம் தெரியும்படி ஒரு மனிதன்கூட இல்லை. படகில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இரண்டு மூன்று கருந்தீற்றல்கள், அவ்வளவே.

நம் சங்கத்து நண்பர் ஒருவர், வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர், என் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மேலே எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கான் சார். கீழே வந்ததும் ஏதோ அவசரம் வந்துடுச்சு போலிருக்கே. முடிக்காமலே விட்டுட்டானே!” என்றார். கலை விமர்சனப் புத்தகங்களில் நான் படித்த பல பத்திகளைவிட இந்த வாக்கியம் எனக்கு உதவியது. படத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வரையப்படவில்லை என்பதை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். பார்த்தது சரி. அதற்கு அவர் சொன்ன காரணத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டில் யாரேனும் இப்படத்தைத் தேடி எடுத்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு தபால் அட்டையால் மேல்பாதியை மறைத்துக்கொள்ளுங்கள். கீழே என்ன இருக்கிறது? ஆரஞ்சும் சிவப்பும் கலந்த சில பட்டைகள். நடுநடுவே நீலம். பச்சையாகச் சில துண்டுகள். பாய்களுக்கு நேர் கீழே, வெள்ளை வண்ணம் அகல அகலமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல். இவற்றைப் பார்த்து இது வீடு, இது மரம், இது பாய் என்று யாரும் சொல்ல முடியாது. சுவருக்கு வெள்ளை அடித்தவன் மிச்ச வண்ணத்தைத் தகரத்தில் துடைத்தது போலத்தான் இருக்கும். இப்போது அட்டையை எடுத்துவிடுங்கள். அந்தத் துண்டுகள் எல்லாம் சட்டென்று தண்ணீராகிவிடும்.

இது எப்படி நடக்கிறது? அசையாத குளத்தில் வீட்டின் பிம்பம் தலைகீழாக முழுமையாகத் தெரியும். அசையும் ஆற்றில் அப்படி இல்லை. ஒவ்வொரு சிற்றலையும் சாய்த்து வைத்த ஒரு சின்னக் கண்ணாடி. ஒரு பக்கம் சாய்ந்த கண்ணாடி வீட்டைக் காட்டும். அடுத்தது வேறு பக்கம் சாய்ந்திருப்பதால் வானத்தைக் காட்டும். ஆகவே சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று மாறி மாறி வரும். பிம்பம் அங்கே மங்குவதில்லை, உடைகிறது. மோனேக்கு முந்திய ஓவியர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சிவப்பையும் நீலத்தையும் குழைத்துத் தேய்த்து, பனி மூடியது போல ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்தார்கள். மோனே குழைக்கவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் நீலத்தை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார். நண்பர் ‘அவசரம்’ என்றாரே, அந்த அவசரம் தண்ணீருடையது.

இதற்குச் சில வசதிகளும் அந்தக் காலத்தில் கூடிவந்தன. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக்குழாயில் வண்ணத்தை அடைத்து வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் பற்பசை பிதுக்குவது போல எண்ணெய் வண்ணத்தை ஆற்றங்கரைக்கே கொண்டுபோய்ப் பிதுக்கலாம் என்றானது. மோனே அர்ஜான்தெய்யில் ஒரு படகையே வாங்கி, அதில் சிறு அறை கட்டி, மிதக்கும் ஓவியக்கூடம் ஆக்கிக்கொண்டார். தோபிஞி என்ற மூத்த ஓவியர் காட்டிய வழி அது. மோனே அந்தப் படகில் உட்கார்ந்து வரைவதை மானே என்ற இன்னோர் ஓவியர் 1874இல் வரைந்திருக்கிறார். (மோனே, மானே இருவரும் வேறுவேறு ஆட்கள். அக்காலப் பாரிசிலேயே குழம்பியிருக்கிறார்கள், நாம் குழம்பினால் குற்றமில்லை.) கரையில் நிற்பவன் ஆற்றை மேலிருந்து பார்ப்பான், படகில் இருப்பவனுக்குத் தண்ணீர் கண்மட்டத்துக்கு அருகில் வந்துவிடும். நம் படத்திலும் ஆறு காலடியிலேயே தொடங்கிவிடுகிறது. நிற்பதற்குத் தரை இல்லை.

சரி, நம் கண்ணுக்கு இது முடிக்காத படமாக ஏன் தோன்றுகிறது? என் கருத்தில், நமக்கு எண்ணெய் வண்ணம் என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தவர் ராஜா ரவிவர்மா. கிளிமானூரில் 1848இல் பிறந்தவர். மோனேயைவிட எட்டு வயது இளையவர். 1873இல் வியன்னா உலகக் கண்காட்சியில் ரவிவர்மாவின் படம் பரிசு பெற்றது. பட்டுச்சேலையின் சரிகை, கழுத்து முத்து, கன்னத்தின் வழவழப்பு, இவையெல்லாம் தொட்டால் கையில் படும் போல இருக்கும். தூரிகை போன தடமே தெரியாது. 1894இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்கிய பிறகு, அந்த லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூஜை அறை வரைக்கும் வந்துவிட்டார்கள். அதன் வழியில்தான் சிவகாசி நாள்காட்டிகள். ஆகவே ‘முடித்தல்’ என்றால் தடத்தை மறைத்தல் என்று நம் கண் பழகிவிட்டது. ரவிவர்மாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட வேலைக்கு அந்த வழவழப்பு வேண்டும். தமயந்தியின் கன்னத்தை ஆரஞ்சுப் பட்டைகளாக உடைத்தால் யார் பொறுப்பார்கள்?

பாரிஸ்காரர்கள் மட்டும் நம்மைவிடக் கெட்டிக்காரர்களா என்றால், இல்லை. 1874 ஏப்ரலில் மோனேயும் நண்பர்களும் ஒரு புகைப்படக்காரரின் பழைய கூடத்தில் தாங்களே கண்காட்சி வைத்தபோது, லூயி லெருவா என்ற பத்திரிகையாளர் மோனேயின் ‘மனப்பதிவு: சூரியோதயம்’ என்ற படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார். சுவரில் ஒட்டும் காகிதம்கூட இதைவிட முடிந்திருக்கும் என்ற பொருளில் எழுதினார். நண்பர் சொன்னதும் அதேதான், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். அந்தக் கேலிப்பெயரே நிலைத்து ‘இம்ப்ரெஷனிசம்’ ஆயிற்று.

இப்படத்தை வாங்கியவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். குஸ்தாவ் கையபோத். தானும் ஓவியர், செல்வந்தர், அதைவிட முக்கியம், பிற்காலத்தில் பிரான்சின் தேர்ந்த படகோட்டிகளில் ஒருவர், தாமே பந்தயப் படகுகளை வடிவமைத்தவர். அர்ஜான்தெய்க்கு எதிர்க்கரையில்தான் பின்னர் குடியேறினார். 1894இல் 45 வயதில் காலமானபோது தாம் சேர்த்த அறுபதுக்கு மேற்பட்ட ஓவியங்களை நாட்டுக்கு எழுதி வைத்திருந்தார். ஓசியில் கொடுத்ததைக்கூட அரசு முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய சர்ச்சை நடந்து, ஏறக்குறைய நாற்பதை மட்டும் ஏற்றது. நம் படம் அதில் தப்பியது. பாயின் சாய்வையும் காற்றின் திசையையும் தொழிலாகவே அறிந்த ஒருவர் இந்தத் தீற்றல்களைப் பார்த்து ‘இது படகு இல்லை’ என்று சொல்லவில்லை. தம் சுவரில் மாட்டிக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை லெருவாவுக்கு அதுவே பதில்.

இனி, நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம்.

சங்க மலர்களில் ஒரு வழக்கம் உண்டு. மேலைநாட்டுக் கொள்கை ஒன்றைச் சொல்லி, ‘இது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது’ என்று முடிப்பது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு அது ஓர் ஆறுதல், எனக்குப் புரிகிறது. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் இந்தியும் ஆங்கிலமும் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து தமிழில் உளறும்போது, ‘நம்மகிட்ட எல்லாம் இருக்குடா’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் எல்லாம் இருக்கிறது என்றால் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிடும். அதனால் இந்தப் படத்தைத் தொல்காப்பியத்தில் அடக்காமல், தொல்காப்பியத்தின் அளவுகோலை எடுத்து இதை அளந்து பார்க்கிறேன். எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்டுபிடிக்கிறது என்று பார்ப்பதில்தான் சுவை.

அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்து மரம், பறவை, தொழில் முதலியன. உரிப்பொருள் மனித உணர்வு: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். மூன்றில் முதலைவிடக் கருவும் கருவைவிட உரியும் சிறப்புடையன என்பது அங்கே சொல்லப்பட்ட வரிசை. நிலமும் பொழுதும் இல்லாமல் உணர்வு நிற்காது. ஆனால் அவை உணர்வுக்காகவே வருகின்றன. நெய்தல் பாட்டில் எற்பாடு வருவது மாலை வெயிலை வர்ணிக்க அல்ல, அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்பதற்காக.

மோனேயின் படத்துக்குத் திணை சொல்லச் சொன்னால் நம் புலவர்கள் மருதம் என்பார்கள் என்று நினைக்கிறேன். ஆறு இருக்கிறது. ஊர் இருக்கிறது. நகரத்தார் வந்து நீரில் விளையாடும் புனலாட்டு இருக்கிறது. பாரிசில் இருந்து ரயிலேறி அர்ஜான்தெய்க்கு வந்து பாய் விரித்தவர்கள் அதைத்தான் செய்தார்கள். பரிபாடலின் வையைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு அந்தக் கூட்டம் அந்நியமாக இராது. ஆனால் வையைப் பாட்டில் கூட்டத்துக்கு நடுவே ஊடல் வந்துவிடும். யார் யாரோடு நீராடினார் என்ற கேள்வி வந்துவிடும். மோனேயின் படகில் இருப்பவர்கள் யார், யாருக்காக யார் கரையில் காத்திருக்கிறார்கள்? படம் வாய் திறப்பதில்லை. உரிப்பொருள் இல்லை. கருப்பொருளான படகும் மரமும்கூட உடைந்து உடைந்து, அந்த வேளையின் வெளிச்சத்துக்குச் சாட்சியாக நிற்கின்றன. மிஞ்சுவது முதற்பொருள் மட்டுமே, அதிலும் நிலத்தைவிடப் பொழுது. தொல்காப்பியம் கடைசியில் வைத்ததை இவர் தலையில் வைத்துவிட்டார். வரிசை தலைகீழ். இதை ‘அங்கேயே இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. ‘அங்கே உள்ள மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒருவர் போய்ப் பார்த்திருக்கிறார்’ என்று சொல்லலாம்.

ஓவியத்திலேயே நம்மிடம் ஒப்பிட ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசல். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால வேலை என்று மதிக்கப்படும் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம். மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். அழகில் மோனேக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் அந்தக் குளத்தில் பிம்பமே கிடையாது. காலையா மாலையா என்று கேட்டால் பதில் இல்லை. இலை நீரில் நிழலிடாது. அந்த ஓவியனுக்கு நீர் என்பது உயிர்கள் வாழும் இடம். வெளிச்சம் விழும் பரப்பு அல்ல. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் உள்ள ராமாயண ஓவியங்களிலும் அப்படித்தான், கோட்டுக்குள் வண்ணம். வண்ணத்துக்கு வேளை கிடையாது. இது குறையல்ல, வேறு நோக்கம். அவர்கள் என்றும் உள்ளதை வரைந்தார்கள். மோனே அரைமணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒன்றின் பின்னால் ஓடினார்.

இங்கே எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. முதற்பொருளை மட்டும் வரைபவன் எதை விட்டுவிடுகிறான்?

1870–71இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர். மோனே லண்டனுக்குப் போய்விட்டார். 1871 மே மாதத்தில் பாரிஸ் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் சொந்த நாட்டுப் படையாலேயே கொல்லப்பட்டார்கள். அர்ஜான்தெய் பாலங்கள் போரில் உடைந்தன. அதே 1871 டிசம்பரில்தான் மோனே அங்கே குடிவந்தார். நம் படத்தில் இதன் சுவடு ஒன்றும் இல்லை. போகட்டும், உடைந்த பாலத்தைச் சாரம் கட்டிச் செப்பனிடுவதை அவர் 1872இல் வேறொரு படத்தில் வரைந்திருக்கிறார்; கண்ணை மூடிக்கொண்டவர் அல்ல. ஆனால் தண்ணீர்? பாரிஸ் மாநகரின் பெருஞ்சாக்கடை அர்ஜான்தெய்க்கு மேலேயே செய்ன் நதியில் கலந்துகொண்டிருந்தது. எதிர்க்கரை வயல்களில் அந்தக் கழிவுநீரைப் பாய்ச்சிக் காய்கறி விளைவித்தார்கள். ஊரில் தொழிற்சாலைகள் வேறு. 1870களில் நாற்றம் தாங்காமல் ஊரார் முறையிட்டார்கள். படத்தில் ஆறு இளநீலமாக, இப்போதுதான் துவைத்துக் காயவைத்தது போல இருக்கிறது.

கொச்சியில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. 2024 மே மாதம் பெரியாற்றில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்ததையும், கூண்டில் மீன் வளர்த்தவர்கள் நஷ்டப்பட்டுக் கரையில் நின்றதையும் மறந்திருக்க மாட்டோம். பேட்டையில் இருந்து வைற்றிலைக்கு மெட்ரோவில் போகும்போது சம்பக்கரைக் கால்வாயைக் கடக்கிறோம். அந்திவெயில் விழுந்தால் கால்வாய் தகதகவென்று இருக்கும். கழிவு கலந்த நீரிலும் வெளிச்சம் அதே விதியின்படிதான் உடைகிறது. அசுத்தத்துக்காகச் சூரியன் ஒரு கதிரைக்கூடக் குறைத்துக்கொள்வதில்லை. எனவே மோனே பொய் வரைந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணுக்கு எட்டியதை உண்மையாக வரைந்தார். மூக்குக்கு எட்டியதை வரையவில்லை. அது அந்த ஓவிய முறையின் எல்லை.

இன்னொன்று, இது கொஞ்சம் என் சொந்தக் கணக்கு. தூத்துக்குடித் தோணி, மட்டாஞ்சேரிக் கடைவீதிக்குச் சரக்கு கொண்டுவந்த வள்ளம், இவற்றின் பாய்களைப் பார்த்த நம் பெரியவர்களுக்குப் பாய் என்றால் உழைப்பு. கிழிந்தால் தைக்க வேண்டும், காற்று நின்றால் கூலி நிற்கும். அர்ஜான்தெய்யின் பாய்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாய்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் படகுகள். அந்த வெள்ளையில் அழுக்கு இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். 1875இல் அதே செய்ன் நதியில் நிலக்கரி இறக்கும் கூலியாட்களையும் மோனே வரைந்திருக்கிறார்: படகுகளில் இருந்து கரைக்குப் பலகைகள், அவற்றின் மேல் வரிசை வரிசையாகக் கறுத்த உருவங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கரிப் படத்தில் ஆற்றின் மினுக்கம் பெருமளவு அடங்கிவிடுகிறது. மனிதனின் பாரம் வந்ததும் முதற்பொருள் பின்வாங்குகிறது என்று எனக்குப் படுகிறது. தொல்காப்பிய வரிசை அங்கே மெல்லத் திரும்பி வருகிறது.

1878இல் மோனே அர்ஜான்தெய்யை விட்டுப் போனார். பிற்காலத்தில் ஜிவெர்னியில் சொந்தமாகக் குளம் வெட்டி அல்லி வளர்த்து, அதையே ஆண்டுக்கணக்கில் வரைந்தார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1927இல், பாரிஸ் ஒராஞ்ஜெரி மாளிகையின் இரண்டு நீள்வட்டக் கூடங்களில் அந்தப் பெரிய அல்லிக்குள ஓவியங்கள் எட்டு, சுவர் முழுக்கச் சுற்றி அமைக்கப்பட்டன. அவற்றில் படகு இல்லை, வீடு இல்லை, அக்கரையும் இல்லை, அடிவானமும் இல்லை. 1872இல் படத்தின் கீழ்பாதியில் இருந்த தண்ணீர் ஏறி ஏறி மேல்பாதியையும் விழுங்கிவிட்டது. பார்ப்பவனைச் சுற்றிலும் குளம். சித்தன்னவாசலில் அண்ணாந்து நிற்பவனுக்கும் இப்படித்தான், கரையில்லாத குளம். அதில் மீன் உண்டு, எருமை உண்டு, பூக்கொய்பவன் உண்டு, வெளிச்சம் இல்லை. இதில் வெளிச்சம் உண்டு, பூவும் இலையும் உண்டு, பூக்கொய்பவன் இல்லை.